வெறும் தட்டு

ஆனி பாதி போயும் குற்றாலத்தில் சாரல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே அருவிப் பாறை காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. லாட்ஜின் சாப்பாட்டு அறையில் இன்று பரிமாறும் பயிற்சியின் கடைசி நாள். தறியை விட்டு வந்த காஜா விருந்தாளியாக நடிக்கிறான். நாற்பது வயது முப்பிடாதி அவனுக்கு இடப்பக்கம் குனிந்து, துரைமார் விட்டுப்போன பீங்கான் தட்டில், காலிக் கிண்ணத்திலிருந்து கரண்டியால் ஒன்றுமில்லாததை அள்ளி வைக்கிறான். வெயில் தட்டில் பட்டுக் கண் கூசுகிறது. “இன்னுங் கொஞ்சம் வச்சுக்கிடுங்க” என்று பழக்கதோஷத்தில் உபசரிக்கிறான். “வற்புறுத்தக் கூடாது வே. இது கல்யாண வீடு இல்ல” என்கிறார் மேனேஜர் சேக் தாவூது. காஜா ஸ்பூனைத் தட்டில் சாய்த்துவிட்டு, ஈரமில்லாத உதட்டைத் துடைத்துக்கொள்கிறான். முப்பிடாதி தட்டை எடுக்கிறான். “சீசனுக்கு எங்கள்ல எத்தன பேர எடுப்பிய, அண்ணாச்சி?” மேனேஜர் பாறையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “இப்ப நீரு உக்காரும் வே. காஜா பரிமாறட்டும்.”