பவுனு கத்தோலிக்கர் அல்ல

மாட்டுக்கு மதம் கிடையாது என்பதை நேற்று மாலை அவன் அறிவியல் முறைப்படி நிறுவினான்.

அம்மா ஜெபம் சொன்னால்தான் பவுனு சுரக்கும். வேறு யார் மடியில் கை வைத்தாலும், எப்படிக் கொஞ்சினாலும், ஒரு சொட்டு வராது. மேல்மலை முழுக்கத் தெரிந்த சங்கதி இது. பங்குச்சாமியாரே ஒருமுறை வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவன் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தான். விட்டுவிட முடியுமா?

“இது வெறும் பழக்கதோஷம்மா. மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும்ல, அந்த மாதிரி. நீ பஸ் டைம் சொல்லிக்கிட்டே கறந்தாலும் பால் வரும். பவுனு ஒண்ணும் ஞானஸ்நானம் வாங்கின மாடு இல்ல.”

“நீ வாங்கினவந்தான? என்னத்தக் கிழிச்ச?” என்றாள் அம்மா, மடியிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவள் பேசிய நேரத்துக்குப் பால் நின்றது.

தற்செயல் என்று அவன் மனதில் குறித்துக்கொண்டான்.

அது நேற்று.

இப்போது பவுனு எழவில்லை.

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. வெளியே கேரட் பாத்திகளின் மேல் உப்பைக் கொட்டி வைத்தது போல் உறைபனி. கொட்டகைக்குள் பவுனு கால்களை மடக்கிக் கிடந்தது. காதைத் தொட்டான். சில்லிட்டிருந்தது. மூக்கு காய்ந்திருந்தது.

நேற்று மதியம் போட்ட கன்று, மூலையில் சாக்கின் மேல் நின்று தாயைக் கூப்பிட்டது.

தாய் திரும்பிப் பார்க்கவில்லை.

மாட்டு டாக்டர் போனில் கேட்டதுமே சொல்லிவிட்டார். பால் காய்ச்சல். உடம்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்குப் போய்விடுமாம். நரம்பில் மருந்து ஏற்றினால் எழுந்து நின்றுவிடும். ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

“கெளம்பிட்டேன். அது வரைக்கும் ஒருக்களிச்சுச் சாய விட்றாதீங்க. கண்ணசரவும் விடாதீங்க.”

இரண்டு பக்கமும் புல் மூட்டைகளை முட்டுக்கொடுத்தார்கள். டாக்டருக்குத் தோட்டத்துப் பாதை தெரியாது. தார் ரோட்டிலிருந்து கூட்டி வர அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டாள். கம்பளியைத் தலையோடு இறுக்கினாள்.

“அதுகூடப் பேசிக்கிட்டே இரு. தூங்க விட்றாத.”

“என்னத்தம்மா பேச?”

“இப்பத்தான் வாய் அடைச்சுப் போச்சாக்கும்.”

போய்விட்டாள்.

கேரட் முழுக்கப் பனியில் கருகிவிட்டது. அப்பா போன பிறகு இந்த வீட்டை நிறுத்தி வைத்திருப்பது பவுனுதான். அவன் படிக்கும் விலங்கியலே பவுனின் பாலில் படிப்பதுதான்.

அதனால் விலங்கியலிலிருந்தே தொடங்கினான். அசைபோடும் விலங்கின் வயிற்றில் நான்கு அறைகள். ஒவ்வொன்றாக விளக்கினான். மூன்றாவது அறைக்கு வரும்போது பவுனின் கண் பாதி மூடிவிட்டது. வகுப்பில் அவனுக்கும் அங்கேதான் மூடியது.

கல்லூரி விழாவில் அரங்கமே உருண்டு சிரித்த ஜோக்குகளைச் சொன்னான். கை தட்ட வேண்டிய இடத்தில் சற்று நிறுத்தியும் பார்த்தான்.

பவுனு பெருமூச்சு விட்டது.

பழனி வண்டி, வத்தலக்குண்டு வண்டி, திண்டுக்கல் வண்டி. புறப்படும் நேரங்களை வரிசையாகச் சொன்னான். ஆராய்ச்சிக்கு இது நேரமில்லை என்று அவனுக்கே தெரியும்.

தலை மெல்ல விலாப்பக்கமாக மடங்கியது.

பிடித்து இழுத்தான். கழுத்தில் எலும்பே இல்லாதது போலத் தொய்ந்து மறுபடி மடங்கியது.

“ஏ பவுனு. இங்க பாரு. அம்மா வந்துரும். பவுனு.”



எட்டிப் பார்த்தான். பாதையில் டார்ச் வெளிச்சம் இல்லை. பனி மட்டும் வெளுத்துக்கொண்டிருந்தது.

பவுனின் பக்கத்தில் மண்டியிட்டு, அம்மா செய்வது போல நெற்றியை அதன் உடம்பில் முட்டுக்கொடுத்தான். கையில் ஜெபமாலை இல்லை. விலா எலும்புகள் இருந்தன. முதல் எலும்பில் விரலை வைத்தான்.

தொண்டையைச் செருமினான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினான்.

கன்று பார்த்துக்கொண்டிருந்தது.

“அருள் நிறைந்த மரியே...”

பவுனின் ஒரு காது அவன் பக்கம் திரும்பியது.

பழக்கதோஷமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

விலா உயர்ந்தது. வெகுநேரம் கழித்து இறங்கியது. விரலை அடுத்த எலும்புக்கு நகர்த்தினான்.

ஜெபத்தின் முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர் சொல்ல வேண்டும். வீட்டில் அதுதான் வழக்கம். பின்பாதி அவனுடையது. எத்தனையோ மாலைகளில் அதை வாய்க்குள் முணுமுணுத்து, கொட்டாவியோடு சேர்த்து விழுங்கியிருக்கிறான்.

இங்கே வேறு ஆள் இல்லை. இரண்டு பாதியையும் அவனே சொன்னான். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக.

“பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும்...”

அடுத்து வரவேண்டியது, ‘எங்கள் இறப்பின் வேளையிலும்’.

நிறுத்திவிட்டான்.

விரலுக்கடியில் விலா உயரக் காத்திருந்தான்.

“இப்பொழுதும்” என்றான் மறுபடி. “இப்பொழுதும் வேண்டிக்கொள்ளும்.”