குழலின் நீலம்

"பாருப்பா டெல்பர்ட், வெள்ளிக் கரண்டி மாதிரி மின்னுதா?"

வெர்னா துணியைப் பிரித்து ரிவால்வரைச் சந்தையில் டெல்பர்ட் போட்டிருந்த மேஜைமேல் வைத்தாள். கணவர் ஆரின் முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கை. அவரை அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், அவர் உயிராய் வைத்திருந்த இதை விற்றாக வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தது. கேப்பு வைத்துச் சுடுவது. துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் இரும்புக்கு ஏற்றிய கருநீல மெருகு, அந்த 'நீலம்', இன்றுவரை குலையாத குழல் என்று மிசூரியின் பழந்துப்பாக்கிச் சந்தைகளில் அதற்குத் தனிப்பெயர். ஆரினுக்கு அதை விற்றவரே டெல்பர்ட்தான்.

டெல்பர்ட் குழலை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா பண்ணீங்க?"

"ஒரே கறுப்பா அழுக்கேறிக் கிடந்துச்சு. கம்பி நார் போட்டுத் தேய்ச்சேன். இத்தனை வருஷமா அவரு என்னைத் தொடவிட்டாத்தானே!"

பக்கத்து மேஜை லைல் தலையில் கைவைத்தார். "அடக் கடவுளே! அது அழுக்கு இல்லம்மா. அந்த நீலத்துக்குத்தான் விலையே!"

வெர்னா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கெடுத்துட்டேனா? அவரு முகத்துல எப்படி முழிப்பேன்? டெல்பர்ட், நீ சொல்லுப்பா. நானா கெடுத்தேன்?"

டெல்பர்ட் தலை நிமிரவில்லை.

"நீங்க இல்லம்மா. நான். ஆரினுக்கு வித்தப்பவே அசல் நீலம் போயிருந்துச்சு. நானே புதுசா ஏத்தி, அசல்னு சொல்லித் தலையில கட்டினேன். நீங்க தேய்ச்சது என் பித்தலாட்டத்தை."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெர்னா எழுந்தாள். "தம்பி தம்பின்னு உசிரை விடுவாரேடா! வருஷா வருஷம் எங்க வீட்டு வான்கோழி தின்னியே, தொண்டையில எப்படிடா இறங்குச்சு?"

துப்பாக்கியைக்கூட எடுக்காமல், புகார் சொல்லச் சந்தை அலுவலகத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

இனி டெல்பர்ட்டுக்கு எந்தச் சந்தையிலும் மேஜை கிடைக்காது. இந்தத் தொழிலில் ஒரு கள்ளப் பூச்சு போதும், பெயர் போய்விடும்.

"தூ! உன் பக்கத்துலயா இத்தனை நாள் கடை போட்டேன்?"

லைல் ரிவால்வரை எடுத்துக் குழலுக்கு அடியிலிருந்த நெம்புகோலை இறக்கினார். கம்பி நார் நுழையாத இடுக்கில் நகக்கண் அளவு நீலம் மிச்சமிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"யோவ்... இது பூச்சு இல்லய்யா! அசல்! தொழிற்சாலை நீலம்!"

டெல்பர்ட் சட்டென்று அவர் வாயைப் பொத்தினார்.

"மெதுவாப் பேசுய்யா. அந்தம்மா காதுல விழுந்துடப் போகுது."