மூன்று பாட்டில் சாக்கடை

"சாக்கடைத் தண்ணியில டெஸ்ட் பண்றதுக்கு இன்னா மேடம் கீது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள் ஆரோக்கியமேரி. ஆனால் கண் மட்டும் அந்தப் பெண்ணின் கையுறையை விட்டு நகரவில்லை. கம்பெனி மதிலை ஒட்டி ஓடும் கால்வாயில் குனிந்து, குட்டி பாட்டில் ஒன்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"ஒரு ஆராய்ச்சிக்குத்தாங்க்கா."

பெயர் சுகிர்தாவாம். எந்த ஆபீஸ் என்று கேட்டால், மெட்ராஸிலிருந்து வருகிறேன் என்று பொதுவாகச் சொன்னாள். மேரிக்குச் சுருக்கென்றது. கும்மிடிப்பூண்டியில் பாட்டிலும் கையுறையுமாக வந்து கால்வாயில் குனிகிறவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் ஆட்கள்தான் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

போன வருஷம் இப்படித்தான் பக்கத்துக் கம்பெனியில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். பத்தே நாளில் கேட்டுக்குப் பூட்டு. எதிர்வீட்டு மெர்சி குடும்பம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊரான ஆர்.கே.பேட்டைக்கே களை பிடுங்கப் போய்விட்டது.

இப்போது இந்தக் கம்பெனியும் மூடினால் மேரியின் கதி? துப்புரவு வேலை பார்க்கும் அவளுக்கும் இங்கேதான் சம்பளம், மெயின்டனன்ஸில் இருக்கும் அவள் புருஷன் தானியேலுக்கும் இங்கேதான். அவனோ மூன்று வாரமாக மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இதே கால்வாயில் அடைப்பு எடுக்க இறங்கியபோது, உள்ளே கிடந்த தகரம் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. புண் எந்த ஊசிக்கும் அடங்கவில்லை. புது மருந்து ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் கால் தப்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனி இருக்கும்வரைதான் இ.எஸ்.ஐ. இலவச வைத்தியம். அதுவும் போனால் அவனை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவாள்?

"வெயில்ல நின்னுகினு கீறீங்களே. எதிர்க்க நம்ம கடைதான், என் பேரைச் சொல்லி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. பொட்டிய நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெண் தயங்கிவிட்டு, ஸ்கூட்டரில் இருந்த ஐஸ் பெட்டியை மேரியின் பொறுப்பில் விட்டுப் போனாள்.

மேரிக்கு இது பழகின வேலை. சோதனைக்கு ஆள் வருகிறதென்றாலே சூப்பர்வைசர் துப்புரவு ஆட்களைக் கூப்பிட்டுக் கால்வாயில் பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொல்வார். நாற்றமும் போய்விடும், கிருமியும் போய்விடும், கம்பெனியும் பிழைக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரலை விட்டு அந்த வாசனை போனதில்லை. இடுப்பில் மடித்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். பெட்டியிலிருந்த பாட்டிலுக்குள் ஒரு சிட்டிகை. ஒரு குலுக்கு. அவ்வளவுதான்.

செவ்வாயன்றும் வந்தாள் சுகிர்தா, புதனன்றும் வந்தாள். மேரிக்குச் சந்தேகம் முற்றிப் போயிற்று. ஒரு தடவை எடுத்தது போதாதா? கம்பெனியை மூடாமல் விடமாட்டாளா? இரண்டு நாளும் டீயோடு பன்னும் சேர்த்து வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். சிட்டிகை போட்ட பாட்டிலோடு பெட்டி பத்திரமாகவே திரும்பிப் போனது. புதன்கிழமை சாயங்காலம், ஏசுவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியே உட்கார வைத்தார்.

"விஷம் மேல ஏறுதும்மா. இனி காத்திருக்க முடியாது. நாளைக்குக் காலையில காலை எடுத்துடணும்."

"இன்னாவோ மருந்து தேடிக்கினு கீறோம்னீங்களே சார்?"

"தேடினோம். கிருமியையே தின்கிற வைரஸ் உண்டும்மா. மனுஷனை ஒண்ணும் பண்ணாது, அந்தக் கிருமியை மட்டும் கொல்லும். கிருமி எங்க ஒட்டிச்சோ, அந்தத் தண்ணியிலேயே அதுவும் இருக்கும்னு உன் புருஷனுக்குக் கால் கிழிஞ்ச இடத்துக்கே லேப்ல இருந்து ஆள் அனுப்பினோம். மூணு தடவையும் தண்ணி முழுக்க பிளீச்சிங் பவுடர். ஒரு வைரஸ்கூட உயிரோட இல்ல."

மேரி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு ஐஸ் பெட்டியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். மேரியைப் பார்த்ததும் சுகிர்தாவின் முகம் மலர்ந்தது.

"சார், நான் சொன்னேனே, தினமும் எனக்கு டீ வாங்கிக் குடுத்து, நான் வர்ற வரைக்கும் பாட்டிலைப் பத்திரமா பாத்துக்கிட்டாங்கன்னு... அது இந்த அக்காதான்!"