ஒரு தடவைக்கு ஒன்று

“எதுவுமே தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுப்பா. எனக்கு நிஜமாவே எதுவும் தெரியாது.”

அந்த அம்மா கையுறைகளைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்தார். அறுபது வயதிருக்கும். வெளியே அவருடைய பிக்கப் வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மொன்டானாவில் அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் கடைக்கு எல்லோரும் தோட்டா வாங்கத்தான் வருவார்கள். இவர் கேட்டது வீட்டிலேயே தோட்டா செய்கிற சாமான்கள். வீட்டில் இருப்பது அவருடைய அப்பாவின் பழைய ரைஃபிள் ஒன்றுதானாம். அதற்கான தோட்டா இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. மான் வேட்டை தொடங்க மூன்று வாரம் இருந்தது.

“நீங்களேவாம்மா வேட்டைக்குப் போறீங்க?”

“வேற யாரு போவா? ஃப்ரீசர் காலியா கிடக்கு.”

இதில் இரண்டு விதமான மெஷின்கள் உண்டு. பெரியதில் பிடியை இழுக்க இழுக்கத் தட்டு தானாகச் சுற்றும். ஒரு பித்தளைக் கூட்டில் வெடிமருந்து விழும்போதே அடுத்த கூட்டில் குண்டு உட்காரும். ஒரு மணி நேரத்தில் நானூறு தோட்டா செய்துவிடலாம். சின்னதில் ஒரு தடவைக்கு ஒன்றுதான்.

நான் சின்னதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதாம்மா சரி. மெதுவாத்தான் ஆகும். ஆனா ஒவ்வொண்ணும் உங்க கண்ணு முன்னாடி நடக்கும்.”

கூடவே ஒரு தராசையும், எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்று சொல்கிற புத்தகத்தையும் எடுத்து வைத்தேன்.

“மருந்தைப் போட்டதும் கூட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. எப்பவுமே பாருங்க. ஒண்ணே ஒண்ணுல ரெண்டு தடவை மருந்து விழுந்துட்டா கூடப் போதும், சுடும்போது துப்பாக்கியே வெடிச்சிடும்.”

“தெரியும்” என்றார்.

சொன்ன விதத்தைக் கேட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“என் பேர் வெர்னா. எங்க வீட்டுக்காரர் ரோலண்ட், போன மார்ச்ல இங்க வந்துதான் பெரிய மெஷினை வாங்கினாரு. காட்டுல கரடி வருதுன்னு ஒரு ரிவால்வர் வெச்சிருந்தாரு. அதுக்குத் தோட்டா செய்ய.”

அந்த ரிவால்வர் வெடித்தது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த சேதி. வலது கட்டைவிரல் போயிற்று. இரண்டு கண்களும் போயின. நெற்றியில் இரும்புத் துண்டு ஏறிப் பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தார் என்று சொன்னார்கள்.

வருத்தம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சண்டை போட வரலப்பா. நடுவுல ஃபோன் வந்து, பிடியைப் பாதியில விட்டுட்டு எழுந்து போயிருக்காரு. திரும்பி வந்து எங்க விட்டோம்னு தெரியாம இன்னொரு தடவை இழுத்துட்டாரு, அதே கூட்டுல மறுபடி மருந்து விழுந்துடுச்சு. அது அவர் தப்புதான், அவரே சொல்றாரு.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஆனா ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்காரு. அன்னைக்கு முதல்ல சின்ன மெஷினைத்தான் கையில எடுத்தாராம், கடைக்காரர்தான் வேண்டாம்னுட்டாராம். தலையில அடிபட்டவங்களுக்கு நடக்காததும் நடந்த மாதிரி தோணும்னு டாக்டர் சொல்றாரு. அதுலேர்ந்து அவருக்குப் பயம் புடிச்சிடுச்சு. எது நிஜமா நடந்துச்சு, எது தானா தோணுதுன்னு தெரியலங்கிறாரு. நம்ம கல்யாணத்தன்னைக்கு மழை பெஞ்சுதான்னு நேத்து என்னைக் கேக்கறாரு. அவருக்கே நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நம்ப மாட்டேங்கிறாரு.”

மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வண்டிக்குப் போனேன்.

ரோலண்ட் முன் இருக்கையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒரு பள்ளம். அவர் கேட்டதால் மெஷினை அவர் மடியிலேயே வைத்தேன்.

நாலு விரல் மட்டும் இருந்த கை பிடியைத் தடவியது. அடிப்பக்கம் வரை போய்த் திரும்பி வந்தது.

“வெர்னா, இதுதான். இதைத்தான் நான் எடுத்தேன்.”

என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் தள்ளி, என் தோளுக்கு அப்பால் பார்ப்பது போல.

“நீதானே தம்பி அன்னைக்கு இருந்தே? குரல் அதேதான். நான் இதை எடுத்தேனா, இல்லையா? கோபமெல்லாம் இல்ல. என் மண்டை சரியா இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சா போதும்.”

வெர்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க சார்” என்றேன். “நீங்க உள்ள வந்ததுமே பெருசைத்தான் கேட்டீங்க.”

அவர் மெஷினிலிருந்து கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“அப்போ டாக்டர் சொன்னது சரிதான்” என்றார் மனைவியிடம்.

வெர்னா அவர் பக்கத்துக் கதவை மெல்லச் சாத்தினார். எனக்கு நன்றி சொன்னார். வண்டி பாலத்தைத் தாண்டி மறைகிற வரைக்கும் நான் குளிரில் நின்றிருந்தேன்.

மார்ச்சில் அன்று ரோலண்ட் சின்னதைக் கவுண்டர் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டிருந்தார். “இது சின்னப் பசங்க விளையாடுறது சார், உங்களுக்கு எதுக்கு இது” என்று அதை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தேன். அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்.