வலது கையில் வாட்ச்

“நல்ல விஷயம்னா, லென்ஸ் மூடியைக் கழட்டிட்டு எடுத்திருக்காங்க” என்றார் பல் டாக்டர்.

அறை சிரித்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. டாக்டருக்கு அது போதும்.

நூலக மாடியில் மாதம் ஒருமுறை கூடும் புகைப்படக் கழகம் அது. திரையில் படம் வரும், எடுத்தவர் பெயர் வராது. முதலில் ஒரு நல்லது சொல்ல வேண்டும், பிறகு குறை, பிறகு அதைச் சரிசெய்ய ஒரு வழி. எல்லாம் முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் டீச்சர் பெயர்களை வாசிப்பாள்.

டாக்டருக்கு இங்கே ‘கத்திரி’ என்று பட்டம். எந்தப் படத்தைக் காட்டினாலும் எங்கேயாவது வெட்டச் சொல்வார். பல் பிடுங்கும்போதாவது மரத்துப்போக ஊசி போடுவார். இங்கே அதுவும் கிடையாது.

போன மாதம் அவருடைய கொக்குப் படத்தை மருந்துக்கடைக்காரர் ‘காலண்டர் படம்’ என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை அன்றிலிருந்து மென்றுகொண்டிருந்தார் டாக்டர். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

இப்போது திரையில் இருந்தது கறுப்பு வெள்ளைப் படம். இந்தக் கும்பலில் கறுப்பு வெள்ளைப் பைத்தியம் மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான். ஆள் வசமாக மாட்டிக்கொண்டான் என்று டாக்டரின் மனம் துள்ளியது.

ஒரே ஒரு சங்கடம். அவர் மனைவியின் படமும் இன்று வருகிறது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அவருடைய பழைய கேமராவை எடுத்துக்கொண்டு இந்த மாதம்தான் கழகத்தில் சேர்ந்திருந்தாள். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டைப் பூட்டும்போதே சொல்லியிருந்தாள்: “என் படம் வந்தா மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்க.”

“இத்தனை வருஷம் கூடவே இருக்கேன். உன் படம் எனக்குத் தெரியாதா?”

தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். சற்று முன்பு ஒரு நாய்க்குட்டி வந்தது. கலர், கோணல், பாதி வாலைக் காணோம். இதுதான் அவளுடையது என்று பிடித்துக்கொண்டு, வாயில் வராத வார்த்தைகளையெல்லாம் வரவழைத்துப் பாராட்டினார். கழகமே வாயைப் பிளந்தது. திரும்பி மனைவியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அவள் பதிலுக்கு ஆட்டவில்லை. கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. இனி மருந்துக்கடை.

படத்தில் ஒரு படுக்கையறை. இடப்பக்கம் கட்டிலின் விளிம்பில் ஒரு பெண், குனிந்த தலை, முடி பாதி முகத்தை மறைத்திருந்தது. வலப்பக்கம் ஜன்னல். அதன் அருகே ஒரு நாற்காலி, நாற்காலியின் முதுகில் ஓர் ஆண் சட்டை.

“குறைன்னா, அந்தப் பொம்பளைதான்” என்றார் டாக்டர். “அழறாளா தூங்கறாளா, அவளுக்கே தெரியல. வாட்ச்சை வேற வலது கையில கட்டியிருக்கா. எவளையோ கூட்டிட்டு வந்து உட்கார வெச்சு எடுத்த படம். பார்த்தாலே தெரியுது.”

“டாக்டர், வலது கையில இருக்குன்னா அது...” என்று ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர்.

“எடுத்தவங்க நடுவுல பேசக் கூடாது சார்.”

மறுபடி சிரிப்பு. மருந்துக்கடைக்காரர் அடங்கிவிட்டார். டாக்டருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

பிறகு வழி சொன்னார். “டீச்சர், இடப்பக்கம் வெட்டுங்க.”

டீச்சர் வெட்டினாள். கட்டிலின் கால் போனது.

“இன்னும்.”

பெண்ணின் தோள் போனது. டீச்சர் கையை நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

“இன்னும் வெட்டுங்க. பயப்படாதீங்க, செத்துட மாட்டா.”

மடியில் கிடந்த கை கடிகாரத்தோடு போனது. ஜன்னலும் நாற்காலியும் சட்டையும் மிஞ்சின. சட்டையின் தோளில் வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், படம் முன்னைவிட எடுப்பாகத்தான் இருந்தது. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

டீச்சர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினாள். நாய்க்குட்டி, மருந்துக்கடைக்காரருடையது.

“ரொம்ப நன்றி டாக்டர்” என்றார் அவர். குரலில் கேலியே இல்லை.

அடுத்த பெயரை டீச்சர் வாசிக்கவில்லை.

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். மனைவி எழுந்து நின்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். கடிகாரம் அவளுடைய இடது கையில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

அலமாரிக் கண்ணாடி! கட்டிலுக்கு எதிரே இருக்கிறதே, அதில் தெரிந்த தன்னையே, கேமராவை ஓரமாக வைத்து எடுத்திருக்கிறாள். அவர் தினமும் படுத்து எழும் அறைதான், இடமும் வலமும் மாறிக் கிடந்தது. நாளெல்லாம் ஊரார் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு, இடது எது வலது எது என்று பிசகாமல் பல் பார்க்கிற மனிதர் அவர்.

சட்டையைப் பார்த்தார். அதுவும் அவருடையதுதான்.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலில் சொல்ல வேண்டிய அந்த ஒரு நல்லது அவருக்கு அகப்படவே இல்லை.

“மேடம், வெட்டினதைத் திரும்பக் கொண்டு வந்துடட்டுமா?” என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

மனைவி கதவில் கை வைத்தபடி திரையை நிதானமாகப் பார்த்தாள்.

“வேணாம் டீச்சர், இருக்கட்டும். இப்பதான் எங்க வீடு மாதிரியே இருக்கு.”