நாலு மணி வெளிச்சம்

மூன்று நாளாக நாகேஷ் சார், கோவிந்தம்மா வீட்டு ஜன்னலுக்கு எதிரே வந்து நிற்கிறார்.

நேரம்கூட மாறவில்லை. சாயங்காலம் சரியாக நாலு மணி. கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலையே உற்றுப் பார்ப்பார். திரும்பித் தன் வீட்டு மாடியைப் பார்ப்பார். மறுபடியும் ஜன்னல். ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர், எதிர்வீட்டுக்காரர், தெருவே மரியாதை கொடுக்கிற ஆள்.

அந்த ஜன்னலுக்கு உள்ளேதான் கோவிந்தம்மாவின் மருமகள் பல்லவி தூங்குகிறாள்.

பல்லவி பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த மாதம் பூராவும் நைட் டூட்டி. காலை ரயிலில், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் வந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் தூக்கம். பின்னறை வெயிலில் வெந்துபோகும் என்று முன்னறையில் படுக்கை. காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அந்தத் தூக்கத்துக்குக் காவல் கோவிந்தம்மா. மருமகள் படுத்துவிட்டால் வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மீன்காரர் தெருமுனையிலேயே கூவலை நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்ற மாமியார்கள் கேள்விப்பட்டால் இவளோடு பேச்சையே நிறுத்திவிடுவார்கள்.

முதல் நாள் பல்லவி நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மூஞ்சில யாரோ டார்ச் அடிச்ச மாதிரி இருந்துச்சு அத்தை."

கோவிந்தம்மா வெளியே எட்டிப் பார்த்தாள். நாகேஷ் சார் வேகவேகமாகத் தன் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாளும் அதே கதை. வெளிச்சம் கொஞ்சம் கம்மி என்றாள் பல்லவி. ஆனாலும் தூக்கம் போனது போனதுதான்.

'இந்த வயசுல இந்த ஆளுக்கு இன்னா கேடு?'

கோவிந்தம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மாடியில் கண்ணாடி ரூம் கட்டுகிறார். மனைவி மமதாவுக்கு மூட்டு வலியாம், குளிர் காலத்தில் வெயிலில் உட்கார இடம் வேண்டுமாம். இரும்புச் சட்டம் நிறுத்திப் பதினைந்து நாளாகியும் எந்தக் கண்ணாடி என்று முடிவாகவில்லையாம். மேலே உட்கார்ந்தால் இந்த ஜன்னல் நேராகத் தெரியும். எல்லாம் பொருந்தி வந்தது.

மகன் வினயிடம் சொல்லவில்லை, அவன் முன்கோபக்காரன். பல்லவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜன்னலை அடைத்துக்கொண்டு புழுங்கிச் சாவாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே கேட்டுவிடுவது என்று மூன்றாம் நாள் கதவுக்குப் பின்னால் காத்திருந்தாள்.

நாலு மணி. வந்தார்.

"இன்னா சார், தெனம் இங்க இன்னாத்த பாத்துக்கினு நிக்கறீங்க?"

நாகேஷ் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா பேசுங்க அக்கா. உள்ள பொண்ணு தூங்குது."

அவ்வளவுதான், கோவிந்தம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அது தூங்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? மூணு நாளா பாத்துக்கினுதான் இருக்கேன். டார்ச்சு வேற அடிக்கறீங்க. பெரிய மனுசன்னு சார் போட்டுக் கூப்புட்டேன் பாருங்க, என்னியத்தான் சொல்லணும். மமதாவ கூப்புடுங்க, நானே கேக்கறேன்."

மீன்காரரை அதட்டி அதட்டித் தெருவுக்கே சொல்லி வைத்தது தான்தான் என்பது அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு கதவுகள் திறந்தன.

நாகேஷ் வாயைத் திறப்பதற்குள் அவர் வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆண்டர்சன்பேட்டை கண்ணாடிக் கடைக்காரர் டென்சில், இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இது ரெட்டைக் கண்ணாடி. இப்ப அவங்க ஜன்னல்ல வெளிச்சம் அடிக்குதா?"

கோவிந்தம்மா திரும்பிப் பார்த்தாள். புடவைத் திரை நிழலில் அசைந்துகொண்டிருந்தது. வெளிச்சம் எதுவும் இல்லை.

நாகேஷ் மாடியைப் பார்த்து இல்லை என்று கையை மட்டும் ஆட்டினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"எங்களுக்கு வெளிச்சம் வேணும்கா, சூடு ஏறக் கூடாது. மிரர் கண்ணாடி போடுங்க, வெயிலத் திருப்பி அடிச்சிடும்னு டென்சில் சொன்னாரு. திருப்பி அடிச்சா அது எங்க போவும்? மொத நாளு வச்சுப் பாத்தேன், நேரா உங்க ஜன்னல்ல வந்து விழுந்துச்சு. ஓடிப்போயி எடுத்துட்டேன். ரெண்டாவது கலர் கண்ணாடி. அதுலயும் கொஞ்சம் அடிச்சுது. இதுல ரெண்டு கண்ணாடி, நடுவுல காத்து. சூடும் உள்ள வராது, உங்க பக்கமும் தொந்தரவு இல்ல. வெல கூடத்தான், போவட்டும். ரெண்டு நாளு பொண்ணு தூக்கத்தக் கெடுத்துட்டேன், தப்பா நெனைக்காதீங்க."

கோவிந்தம்மாவின் குரல் தரைக்கு இறங்கிவிட்டது. "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"அதுக்குக் கதவத் தட்டணுமே. எங்கப்பா மைன்ஸ்ல நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா, எங்க லைன் வீட்டுத் தெருவுல பசங்க கோலிகூட ஆட மாட்டோம். அந்தப் பழக்கம் விடல."

கோவிந்தம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு மனசு நிறைந்தும் போயிற்று. மருமகள் தூக்கத்துக்கு இந்தத் தெருவில் தான் ஒருத்திதான் காவல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"உள்ள வாங்க சார், ஒரு காப்பி சாப்புட்டுப் போங்க. டென்சிலயும் கூப்புடுங்க."

அப்போது புடவைத் திரை விலகியது. சிவந்த கண்ணோடு பல்லவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கும் வெளிச்சம் பட்டுச்சா கண்ணு?" என்றாள் கோவிந்தம்மா, பயந்துகொண்டே.

பல்லவி கொட்டாவி விட்டாள்.

"வெளிச்சம்லாம் இல்ல அத்தை. உங்க சத்தத்துலதான் முழிச்சேன்."