நிறம் ஏறாத தண்ணீர்

பாலாமணி வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கென்று தூத்துக்குடி லாரியில் கடல்தண்ணீரோடு வந்த மீன்களில் ஒன்று, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்து, மிட்டாய் பாட்டிலில் தனியே கிடக்கிறது. தாமிரம்தான் இதற்கு மருந்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பாலாமணி செப்புக்காசு ஒன்றை எடுத்து நீட்டுகிறாள். "இது கரையுறதுக்குள்ள மீனு செத்துரும்," என்று எரிந்து விழுகிறார், சாயப்பட்டறை வைத்திருக்கும் அவள் கணவர் கருணாகரன். பட்டறையிலிருந்து கொண்டுவந்த, தாமிர உப்பான மயில்துத்தத்தில் ஒரு சிட்டிகை போட்டு, பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்குகிறார். "என்ன எழவு, நெறமே ஏறல!" இன்னொரு சிட்டிகை போடுகிறார். "ஏங்க, அது மீனு, நூலு இல்ல. நிப்பாட்டுங்க." "இத்தன வருசமா கலக்குறேன், எனக்குத் தெரியாதாக்கும்?" இந்தமுறை கை நிறைய அள்ளிப் போடுகிறார். தண்ணீரில் மயில்கழுத்து நீலம் மெல்லப் பரவுகிறது. "இப்பப் பாரு, எப்படி வந்திருக்குன்னு," என்று பாட்டிலை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். அந்த நீலத்துக்குள் மீன் ஒருபக்கமாகச் சாய்கிறது.